தளபதிமாரின் கடிதங்களை நான் லமினேட் செய்தது

அன்று வாசிகசாலையில் இருந்தவர்கள் இவர்கள். பாதர். அவருக்கு வலப்பக்கக் கதிரையில் ஐயா. மேசைக்கு மறுபக்கம் புதுச்சேரியில் இருந்து ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்திருந்த பிள்ளை. கதவடியில் நான். வேறு ஒருவரும் இல்லை.

மேசையில் பதினேழு கடிதங்கள் கிடந்தன. பதினேழும் பிளாஸ்டிக்குக்குள் கிடந்தன.

பிள்ளை ஒன்றைத் தூக்கினாள். விரலால் தட்டிப் பார்த்தாள். டக் என்று சத்தம் கேட்டது. அவள் முகம் வெளுத்துப் போனது.

"என்னக்கா பண்ணிட்டீங்க?"

"லமினேட் செய்தனான்," என்றேன்.

ஐயாவுக்குக் காது கேட்பது குறைவு. "என்னவாம்?" என்று பாதரைக் கேட்டார். பாதர் குனிந்து அவர் காதுக்குள் சொன்னார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஆரைக் கேட்டுச் செய்தனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"பழுதாப் போச்சோ?" என்று பிள்ளையைக் கேட்டேன். அவள் கடிதத்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சூட்டுல பசை தாளோட ஒட்டிடுச்சுக்கா. இப்ப பளிச்சுன்னுதான் தெரியும். கொஞ்ச வருஷத்துல உள்ளேயே தாள் கெட்டுப் போயிடும். வெளிய எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்."

நல்லது செய்துவிட்டேன் என்று நான் நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதச் சொன்னது பாதர். நீட்டி எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். பிறந்தது மூதூர். வயது ஐம்பத்தெட்டு. பாதரின் கோயில் வாசிகசாலையைக் கூட்டுவதும் அலுமாரிகளைத் துடைப்பதும் திறப்பை வைத்திருப்பதும் என் வேலை. வாசிகசாலைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணீர். பதினைந்து வருடமாக அதில் இருக்கிறேன். மூதூர் வீடு கடலோடு போய்விட்டது. தங்கச்சி கப்பல்துறை என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் ஓர் அறைதான். அதற்குள் ஆறு பேர்.

கடிதங்கள் ஐயாவுடையவை. ஐயா துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்தொரு வயது. அவருடைய முன்னோரில் ஒருவர் இங்கே ஒல்லாந்தருக்கு, அதாவது டச்சுக்காரருக்கு, எழுத்து வேலை பார்த்தவராம். தளபதிமாரின் கடிதங்களை அவர் பார்த்து எழுதி வைத்த பிரதிகள் தகரப் பெட்டிக்குள் கிடந்து ஐயா வரைக்கும் வந்து சேர்ந்தன. புதுச்சேரிப் பிள்ளை வாசிக்க வேண்டும் என்று பாதர் மூன்று மாதத்துக்கு அவற்றை இரவல் வாங்கினார். வாங்கினபடி திருப்பித் தருவேன் என்று கையெழுத்தும் வைத்தார்.

அமெரிக்காக்காரர் ஆங்கிலேயரிடம் விடுதலை கேட்டுச் சண்டை பிடித்த காலமாம் அது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்கா பக்கம். அங்கே தொடங்கிய சண்டை இங்கேயும் வந்தது. முதலில் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரிடம் இருந்து இரண்டு கோட்டைகளையும் பிடித்தார்கள். அந்த வருடமே பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. இன்றைக்குக் கோணேசர் கோயிலுக்கு நாங்கள் ஏறிப்போகிற கோட்டையைச் சுற்றிப் பீரங்கிகளை வைத்தார்கள். வெளியில் பிரெஞ்சுத் தளபதி. உள்ளே ஆங்கிலத் தளபதி. இரண்டு பேரும் எழுதிக்கொண்டவைதான் இந்தப் பதினேழும்.

பின்னேரங்களில் பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லுவாள். பாதர் இருந்து கேட்பார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்று கேட்பேன்.

கோட்டையைத் தா என்று வெளியில் நிற்கிறவர் எழுதுகிறார். ஏலாது என்று உள்ளே இருப்பவர் எழுதுகிறார். பீரங்கி வெடிக்கிறது. பிறகு உள்ளே இருப்பவர் நிபந்தனை எழுதுகிறார். என் ஆட்கள் மேளம் அடித்துக்கொண்டு ஆயுதத்தோடு வெளியே வர வேண்டும். அவர்களைக் கப்பலில் மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். வருத்தக்காரருக்கு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். வெளியில் நிற்கிறவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை என்று பதில் எழுதுகிறார். கடைசியில் கோட்டை கை மாறுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து ஆங்கிலக் கப்பல்கள் உதவிக்கு வருகின்றன. பார்த்தால் கோட்டையில் வேறு கொடி.

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடியும் என்றாள் பிள்ளை. உங்கள் பணிவான ஊழியன் என்று.

"பீரங்கி அடிச்சுக்கொண்டோ?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. அது அவங்க வழக்கம்."

"நான் பிஷப்புக்கு எழுதிறதும் உப்பிடித்தான்," என்றார் பாதர்.

பிள்ளை சிரித்தாள். எனக்கு வேறொன்று கேட்க இருந்தது.

"பதில் எத்தினை நாளில வந்தது?"

"அன்னிக்கேக்கா. சிலதுக்கு ரெண்டு மணி நேரத்துல."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஆமிக்காரர் என் மனுசனைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு இருபத்திநான்கு வயது. நானும் ஒரு தளபதிக்குக் கடிதம் எழுதுவித்தேன். சமாதான நீதவான் ஒருவர் எழுதித் தந்தார். இருபத்திரண்டு கடிதம். பதில் ஒன்று வந்தது. கடிதம் கிடைத்தது, விசாரிக்கிறோம் என்று இரண்டு வரி. அடியில் ஒரு முத்திரை. அதைப் பதினான்கு வருடம் வைத்திருந்தேன். கடல் ஊருக்குள் வந்த அன்று அது கட்டிலுக்குக் கீழே பையில் இருந்தது. மூன்றாம் நாள் பையைக் கண்டெடுத்தேன். கடிதத்தைப் பிரிக்கப் பிரிக்கக் கூழாக வந்தது. பிறகு காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் மூலக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்கள் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு லமினேட் செய்யாத காகிதம் காகிதம் இல்லை. பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் கடைக்குப் போகும். மழைக்கும் கடலுக்கும் ஊரை விட்டு ஓடுகிற ஓட்டத்துக்கும் நிற்கிற காகிதம் அதுதான்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. பாதர் தியானத்துக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். பிள்ளை விசா அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தாள். இரண்டாம் நாள் காலையில் அலுமாரியைத் திறந்தேன். கூரை ஒழுகி மேல்தட்டில் தண்ணீர் நின்றது. தகரப் பெட்டியின் ஒரு மூலை கறள் பிடித்து ஓட்டை. மேலே இருந்த கடிதத்தின் ஓரம் ஈரம். ஈரம் எழுத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

யாரையும் கேட்க நினைக்கவில்லை. கடிதங்களை முகம் துடைக்கிற துவாயில் சுற்றினேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் பை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மழைக்குள் போனேன்.

கடைக்காரர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, இது சரியான பழசு. மெசினுக்குள்ள சிக்கினா நான் பொறுப்பில்லை."

"சிக்காது. போடுங்கோ."

"காணி உறுதியோ?"

"ஓம்," என்றேன். விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் சூடாக வந்தது. நானே எண்ணி அடுக்கினேன். அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

லமினேட் செய்து நான்காம் நாள் எல்லோரும் வந்தார்கள். அன்று நடந்ததை மேலே முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஐயா அன்று சத்தம் போடவில்லை. குடையை எடுத்தார். "எழுத்தில அறிவிக்கிறன்," என்று பாதரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீடு நடந்து போனால் பத்து நிமிடம். ஆனால் தொலைபேசியில் அவருக்குக் கேட்காது. தபாலை நம்பமாட்டார். அடுத்த நாள் காலையில் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். விறாந்தையில் நின்று ஒரு கடித உறையை நீட்டினார்.

"பாதரிட்டக் குடும். பதில் வாங்கிக்கொண்டு வாரும்."

"என்ன எழுதியிருக்கிறியள், ஐயா?" அவர் காதுப் பக்கமாகச் சத்தமாகக் கேட்டேன்.

"அது உமக்கில்லை."

"என்னைப் பற்றித்தானே?"

"ஓம்."

வாங்கிக்கொண்டு நடந்தேன். மைதானத்து மான்கள் இரண்டு பின்னால் வந்தன. இந்த ஊர் மான்களுக்குத் தின்னக் காகிதம் என்றால் போதும். உறையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனேன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "என்னக்கா, சரணடையப் போறியளோ?" என்று பகிடி விட்டார். நான் நடையைக் கூட்டினேன்.

பாதர் வாசித்தார். மடித்தார். திரும்பவும் விரித்து வாசித்தார்.

"போகச் சொல்லுறாரோ, பாதர்?"

"உங்களைப் பற்றின கதை. உங்களுக்குத் தெரிய வேணும்," என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார். வாங்கினபடி திருப்பித் தருவேன் என்று கையெழுத்து வைத்தவர் நீங்கள். பதினேழு கடிதமும் பிளாஸ்டிக்கில் இருந்து வெளியே வர வேண்டும். வராவிட்டால் அந்த மனுசி திறப்பை ஒப்படைத்துவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பிஷப்புக்கு எழுதுவேன். நான் மாத முடிவில் மெல்பேணில் மகளிடம் போகிறேன். அதற்கு முன்னம் முடிய வேண்டும்.

"என்ன செய்யப் போறியள்?"

"பதில் எழுதப் போறன்."

கொழும்பில் பழைய காகிதங்களைத் திருத்துகிற ஓர் அம்மா இருப்பதாகப் பிள்ளை சொல்லியிருந்தாள். அந்த அம்மா வந்து பார்க்கட்டும், ஒன்று வெளியே வந்தாலும் இவரை அறையில் இருக்க விட வேண்டும் என்று பாதர் எழுதினார். நான் கொண்டுபோனேன்.

இப்படி ஐந்து நாள். அவர் எழுதுவார், நான் கொண்டுவருவேன். இவர் எழுதுவார், நான் கொண்டுபோவேன். பதினைந்தாவது வெளியே வர வேண்டும் என்றார் ஐயா. எட்டு என்றார் பாதர். கடிதங்கள் ஊரை விட்டு வெளியே போகக்கூடாது, அந்த அம்மா இங்கே வந்துதான் வேலை செய்ய வேண்டும் என்றார் ஐயா. ஓம் என்றார் பாதர், ஆனால் ஒன்பது. ஒவ்வொரு முறையும் நடக்கும்போது உறையைத் தடவிப் பார்ப்பேன். தடிப்பாக இருந்தால் பயம். மெல்லியதாக இருந்தால் அதைவிடப் பயம்.

பிள்ளை முன்பு ஒரு கதை சொல்லியிருந்தாள். ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் மேட்டுக் கோட்டையைக் கேட்டபோது வெள்ளைக்கொடியோடு ஓர் அதிகாரியிடம் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார்களாம். அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மதில் எங்கே உயரம் குறைவு என்று பார்த்துக்கொண்டு வந்துவிட்டாராம். மூன்றாம் நாள் ஐயா வீட்டில் நானும் அப்படிப் பார்த்தேன். ஐயா உள்ளே பேனை தேடிக்கொண்டிருந்தார். அலுமாரிகள் வெறுமை. சுவரில் படம் இருந்த இடங்கள் மட்டும் வெள்ளை. கதிரை ஒன்று. கட்டில் ஒன்று. கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சூட்கேஸ்.

அவர் வந்து நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"வீடு வித்தாச்சு," என்றார். "கொண்டுபோறதெண்டு நினைச்சது அந்தக் கடிதங்கள் மட்டும்தான்."

எனக்கு அவரில் கோபம் வைத்திருக்க முடியாமல் போனது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் உறை மெல்லியது. பாதர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பன்னிரண்டு எண்டுறார். இதுக்குக் கீழ இறங்கமாட்டாராம்."

"நீங்கள்?"

"நான் ஓம் எண்டு எழுதப் போறன். வேற வழி இல்லை."

"எழுதுங்கோ."

"பயமா இருக்கோ?"

"எழுதுங்கோ, பாதர். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அந்தக் கடிதத்திலும் பாதர் பணிவான ஊழியன் என்றுதான் எழுதினாரோ தெரியாது. கேட்கவில்லை.

கொழும்பு அம்மா திங்கட்கிழமை வந்தார். சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் கதைப்பார். எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். இரண்டையும் கலந்து சமாளித்தோம். போத்தல்கள், கத்திகள், வெள்ளை ஒற்றுத்தாள்கள் என்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை வரும், அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார். "பசை எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிப் பிடிக்க இல்லை. பாப்போம்."

ஓரத்தை வெட்டுவார். மருந்து தொட்டு வைப்பார். காத்திருப்பார். பிளாஸ்டிக்கை மயிரளவு மயிரளவாக உரிப்பார். சன்னல் எல்லாம் திறந்திருந்தும் மருந்து மணம் தலையைப் பிளந்தது. முதல் நாள் ஒன்று வந்தது. முழுதாக வந்தது. நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். இன்னும் பதினொன்று.

இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாள் உரிக்கும்போது எழுத்து பிளாஸ்டிக்கோடு வரத் தொடங்கியது. அம்மா உடனே நிறுத்திவிட்டார். அதை அப்படியே தனியாக எடுத்து வைத்தார். எனக்குக் கணக்கு மட்டும்தான் ஓடியது. கூட்டும்போதும் எண்ணுவேன். சோறு வடிக்கும்போதும் எண்ணுவேன். நான்கு போகலாம். ஐந்து போகலாம். ஆறு போனால் நான் போக வேண்டும். ஓர் இரவும் சரியாக நித்திரை இல்லை. என்னென்ன கொண்டுபோவது என்று யோசிப்பேன். கட்டில் கோயிலுடையது. அடுப்பு என்னுடையது.

ஐந்தாம் நாள் அம்மா என் கைகளைப் பார்த்தார்.

"உங்கள் கை நடுங்கிறது இல்லை," என்றார். "இந்த மூலையைப் பிடிக்கிறீங்களா?"

பிடித்தேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று என்று வேலை நடந்தது. அம்மா உரிப்பார், நான் மூலையை அமத்திப் பிடிப்பேன். இடைக்கிடை, "ஹெமின், ஹெமின்," என்பார். மெதுவாக, மெதுவாக.

பாதர் வாசலில் வந்து நின்று விரலால் எத்தனை என்று கேட்பார். நான் விரலால் காட்டுவேன்.

எட்டாம் நாள் முடிய பதினொன்று வெளியே வந்திருந்தது. நான்கு வராது என்று தனியாகக் கிடந்தது. மிச்சம் இரண்டு.

ஒன்பதாம் நாள் காலையில் முதலாவதை எடுத்தோம். அரைவாசி உரித்ததும் எழுத்து கழன்றது. அம்மா பெருமூச்சு விட்டு அதை ஐந்தாவதாக வைத்தார். தண்ணீர் குடித்தார். எனக்கும் தந்தார். நான் குடிக்கவில்லை.

கடைசிக் கடிதம். உள்ளே இருந்த தளபதி வருத்தக்காரரைப் பற்றி எழுதியது என்று பிள்ளை சொன்னாள். அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். மேல்பக்கம் நன்றாக உரிந்தது. திருப்பினோம். கீழ்ப்பக்கம் மடிப்பு வரைக்கும் வந்தது. நான் மூலையைப் பிடித்திருந்தேன். பிடி கூடிவிட்டது என்று நினைக்கிறேன். மடிப்போடு கிழிந்தது. சத்தமே இல்லை. என் விரலில் ஒரு பாதி, மேசையில் ஒரு பாதி.

அம்மா மிச்சப் பிளாஸ்டிக்கையும் உரித்து முடித்தார். எழுத்து ஒன்றும் போகவில்லை. ஆனால் இரண்டு துண்டு.

"ஒட்டலாம்," என்றார் அம்மா. "ஆனால் இண்டைக்கு ஏலாது. காய வேணும்."

ஐயா மூன்று மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். அடுத்த நாள் அவருக்குக் கொழும்புக்குப் போக வாகனம்.

"பாதர்," என்றேன். "அவரிட்ட நான்தான் சொல்லுவன்."

மூன்று மணிக்குக் குடையோடு வந்தார். வெளியே வந்த கடிதங்கள் ஒற்றுத்தாளில் வரிசையாக இருந்தன. வராத ஐந்தும் மேசை ஓரத்தில். இரண்டு துண்டும் தனியாக, கொஞ்சம் விலகி. ஐயா கதிரையை இழுத்து இருந்தார். ஒவ்வொன்றின் மேலும் விரலைத் தொடாமல் பிடித்துச் சத்தமாக எண்ணினார். பதினொன்று வரைக்கும் வந்து விரல் நின்றது.

அவர் காதடியில் குனிந்தேன். "மற்றது கிழிஞ்சு போச்சு, ஐயா. கிழிச்சது நான்."

"இதையுமோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"இறுக்கிப் பிடிச்சிட்டன்."

பாதர் வாய் திறந்தார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். இரண்டு துண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கையால் கேட்டுவிட்டு, ஒற்றுத்தாளின் ஓரத்தைப் பிடித்து ஒரு பாதியை மெதுவாக மற்றப் பாதிக்குக் கிட்டத் தள்ளினார். கிழிசல் கிழிசலோடு சேர்ந்தது. கிழிசல் நடுவால் போன வரியை உதடு அசைய வாசித்தார். முடிவு வரைக்கும் வாசித்தார்.

விரலை அதற்கு மேலே கொண்டுவந்தார்.

"பன்னிரண்டு."